பாப்கேட்டை மரமேற்றுகிறாள், ஆனால் மரத்தடியில் நிற்பதில்லை: உதவி தேவை

கேள்வி (போய்சி, ஐடஹோ)

வணக்கம். என்னிடம் 20 மாத ட்ரீயிங் வாக்கர் கூன்ஹவுண்ட் பெட்டை இருக்கிறாள் (மோப்பம் பிடித்துத் துரத்தி, விலங்கை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கும் வேட்டை நாய்). பெயர் ராணி. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஆயுள் முழுக்க ஹவுண்ட் வளர்த்தவர். அவர் கொடுத்த குட்டி, வேலை பழக்கியதும் அவர்தான். ராக்கூன் (மரமேறும் சிறிய அமெரிக்கக் காட்டு விலங்கு) விஷயத்தில் குறையே இல்லை. மரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நான் போகும்வரை முன்னங்கால்களை மரத்தில் வைத்துக் குரைத்துக்கொண்டே இருப்பாள்.

இந்தக் குளிர்காலம் பாப்கேட்டுக்குப் பழக்க ஆரம்பித்தேன். (தெரியாதவர்களுக்கு: குட்டை வால் உள்ள அமெரிக்கக் காட்டுப்பூனை, கடுவன் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும்.) நான் சுடுவதில்லை. மரத்தில் ஏறியதும் படம் எடுத்துக்கொண்டு நாயை அழைத்து வந்துவிடுவேன். சுடாமல் துரத்துவதற்கும் இங்கே ஹவுண்ட் அனுமதிச் சீட்டு வேண்டும், அது என்னிடம் இருக்கிறது.

பிரச்சினை இதுதான். புதுப்பனியில் தடத்தை நன்றாக எடுக்கிறாள். ஒரு மணி நேரம் சலிக்காமல் போகிறாள். மரத்தடிக் குரைப்பும் கேட்கிறது. மரத்தடியில் நிற்கிறாள் என்று அவள் கழுத்துப்பட்டையோடு இணைந்த ஜிபிஎஸ் கருவியின் திரைப் புள்ளியும் காட்டுகிறது. நான் பனியில் ஏறி இறங்கிப் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்து கிளம்பிவிடுகிறாள். ஐந்து தடவையில் நான்கு தடவை இப்படி ஆகிவிட்டது. என்ன செய்வது?

பதில் (வட கரோலினா)

முதலில் ஒன்று கேட்கிறேன் தம்பி. அவள் கிளம்பினாளா, பூனை கிளம்பியதா? ராக்கூன் ஏறிவிட்டால் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பாப்கேட் அப்படியில்லை. மூச்சு வாங்கி முடித்ததும் குதித்துவிடும். நாய் அதன் பின்னால் போயிருந்தால் அது குறையே இல்லை, அவள் வேலையைத்தான் செய்திருக்கிறாள்.

அடுத்த முறை மரத்தைச் சுற்றிப் பெரிய வட்டமாக நடந்து பனியைப் பாருங்கள். குதித்த இடத்தில் நான்கு கால்களும் ஒன்றாகப் புதைந்த குழி தெரியும். பூனைத் தடம் வட்டமாக இருக்கும், நகம் பதியாது. கயோட்டி (ஓநாய் இனத்துச் சிறிய காட்டு விலங்கு) என்றால் தடம் நீள்வட்டம், நகமும் தெரியும். குரலையும் கவனியுங்கள். தடத்தில் போகும்போது இழுத்து இழுத்துக் கத்துவாள், மரத்தடியில் வெட்டி வெட்டிக் குரைப்பாள். வெட்டுக் குரல் நின்று மறுபடி இழுப்புக் குரல் வந்தால் பூனை இறங்கிவிட்டது. குரலே இல்லாமல் புள்ளி மட்டும் நகர்ந்தால் அவளாகவே கிளம்பிவிட்டாள்.

நான் இங்கே மலையடிவாரத்தில் பிளாட் (Plott) என்ற ஹவுண்ட் இன நாய்களோடு போகிறேன். 1989 முதல் இந்த மாநிலத்தின் நாயே அதுதான். மரத்தடியில் பிடிவாதம் என்றால் அவற்றைத்தான் சொல்வேன், ஆனால் அவையும் இரண்டு வயதில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன்.

கேட்டவர்

நேற்றே போய்ப் பார்த்தேன் அண்ணே. பாண்டரோசா பைன் மரம். அடியில் அவள் சுற்றிச் சுற்றி மிதித்த பனி. மரப்பட்டையில் நகக் கீறல் புதிதாக, பழுப்பு நிறத்தில், இன்னும் பிசின் வடிந்தபடி இருந்தது. வட்டமாக நடந்தேன், குதித்த குழி எங்கும் இல்லை. அண்ணாந்து பார்த்தால் மேலே கிளையில் பூனை உட்கார்ந்திருக்கிறது, காது நுனி மயிர் வரை தெரிகிறது! அவள் தடம் மட்டும் என் வண்டியை நோக்கி நேராகப் போயிருந்தது. குரலும் இல்லை. ஆக, அவளாகத்தான் கிளம்பியிருக்கிறாள்.

பதில் (கலிபோர்னியா)

இங்கே 2013 முதல் நாய் வைத்து பாப்கேட் துரத்தவே தடை, அதனால் என் அனுபவம் பழையது. பனி நன்றாக உறைந்து தூளாகக் கிடந்தால் மோப்பம் நிற்காது. மேலே இருப்பது உண்மைதானா என்று நாய்க்கே சந்தேகம் வந்திருக்கலாம். பாப்கேட் ராக்கூனைப் போல அவ்வளவு வாசம் விடுவதில்லை. அனுபவமுள்ள நாய் ஒன்றோடு சேர்த்து விட்டுப் பாருங்கள்.

பதில் (விருதுநகர் மாவட்டம்)

எனக்கு உங்கள் ஹவுண்ட் பற்றித் தெரியாது. எங்களுடையது சிப்பிப்பாறை, கண்ணால் பார்த்து ஓடுகிற ஜாதி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே வேட்டைக்கு இடமில்லை, தோட்டத்தில் காவலுக்குத்தான் இருக்கின்றன. ஆனால் நாய் ஒரு இடத்தை விட்டு விலகுகிறது என்றால் எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான். என் நாய் ஒன்று கிணற்று மேட்டுக்கே வராது. மோட்டார் கம்பியில் ஒரே ஒரு தடவை ஷாக் அடித்தது, ஐந்து வருடம் ஆகிவிட்டது. கூப்பிட்டால் இருபது அடி தள்ளி நின்று வாலைச் சுருட்டிக்கொள்ளும். உங்கள் ராணிக்கு மரத்தடியில் எப்போதாவது ஏதாவது ஆனதா?

கேட்டவர்

படித்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

டிசம்பரில் ஒரு நாள், கருவியில் புள்ளி மிக வேகமாக நேர்கோட்டில் போனது. மானைத் துரத்துகிறாள் என்று நினைத்து, அவள் கழுத்துப்பட்டைக்கு ஷாக் அனுப்பும் பட்டனை அழுத்தினேன். புள்ளி நின்றது. நின்ற இடத்தில்தான் ஒரு நிமிடம் கழித்து மரத்தடிக் குரைப்பு வந்தது. குழப்பத்தில் இன்னொரு தடவை அழுத்திவிட்டேன். போய்ப் பார்க்கவும் இல்லை, பீப் ஒலி கொடுத்துத் திரும்பக் கூப்பிட்டேன். அது பூனையாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பதில் (வட கரோலினா)

கிடைத்துவிட்டது. விருதுநகர் அண்ணாச்சிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கண்ணால் பார்க்காத தவறுக்கு ஷாக் கொடுக்கவே கூடாது. மான் அவள் முன்னால் ஓடுவதை நீங்கள் பார்த்தால் மட்டும் அழுத்தலாம். உங்களுக்குத் திரையில் தெரிந்தது வேகம் மட்டும்தான். அவளுக்கோ பூனை வாசமும் மரமும் வலியும் ஒரே நிமிடத்தில் வந்தன. போதாததற்கு பீப் என்றால் வண்டிக்குத் திரும்பு என்றும் பழக்கியிருக்கிறீர்கள். அதனால்தான் தடத்தை ஆசையாக எடுத்து, மரம் வந்ததும் உங்களிடம் ஓடிவருகிறாள்.

இந்தப் பருவம் முடியும்வரை ஷாக்கை மறந்துவிடுங்கள். ஜிபிஎஸ் பட்டை மட்டும் போதும். பெரியவரின் நிதானமான கிழ நாய் ஒன்றோடு விடுங்கள், ஆனால் இரண்டு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். மற்ற நாய் குரைத்தால் தானும் குரைப்பது என்று பழகிவிட்டால் அதை மாற்றுவது இதைவிடக் கஷ்டம். மரத்தடிக்கு எவ்வளவு சீக்கிரம் முடியுமோ போய்ச் சேருங்கள். போனதும் கயிற்றால் மரத்திலேயே கட்டி, விலாவைத் தட்டிக்கொடுத்துக் குரைக்க விடுங்கள். கால் மணி நேரமாவது நீங்களும் நில்லுங்கள், அவசரப்படாதீர்கள். முக்கியமாக, மரத்திலிருந்து ஒருபோதும் கூப்பிடாதீர்கள். கயிற்றைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். மரத்தை விட்டுப் போவது உங்கள் முடிவாக இருக்க வேண்டும், அவள் முடிவாக இருக்கக் கூடாது.

இன்னொன்று. ஐடஹோவில் 1995, 96இல் ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள், இப்போது நன்றாகப் பரவிவிட்டன. மரத்தடியில் தனியாகக் குரைக்கும் ஹவுண்டை அவை கொன்றுவிடும். நாயை அவிழ்ப்பதற்கு முன் சாலையோரப் பனியில் ஓநாய்த் தடம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

கேட்டவர் (ஐந்து வாரம் கழித்து)

கிழ நாயோடு இரண்டு முறை விட்டேன். இரண்டாவது முறையே கட்டுவதற்கு முன் மரத்தில் கால் வைத்துவிட்டாள். நேற்று தனியாக விட்டேன். நள்ளிரவில் பனி நின்றிருந்தது, காலையில் தடம் ஈரமாக இருந்தது. பள்ளத்தாக்கின் அந்தப் பக்கம் மரம் பிடித்தாள். பனி முழங்காலுக்கு மேல், போய்ச் சேர எனக்கு 40 நிமிடம் ஆனது. வழி முழுக்க அந்த வெட்டுக் குரல் நிற்கவே இல்லை, போகப் போகக் கரகரத்துப் போயிருந்தது. போய் நின்றபோது அவள் தாடையில் எச்சில் உறைந்து தொங்கியது. கயிறு கட்டிக் கூட்டிவரும்போது திரும்பித் திரும்பி அந்த மரத்தையே பார்த்தாள்.

அண்ணாச்சி, அண்ணே, இருவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: உறைபனி கிழித்து உள்ளங்காலில் சின்னக் கீறல் இருக்கிறது. என்ன போடுவது?

பதில் (வட கரோலினா)

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஐஸ் கட்டி இல்லாமல் துடைத்துவிடுங்கள். ஆறும்வரை ஓட விடாதீர்கள். நொண்டினாலோ வீங்கினாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். அவள் இழுப்பாள், நீங்கள்தான் பிடித்து வைக்க வேண்டும்.