ஈஎல்84 வால்வு ஆம்ப்: பிளேட் செவக்குது, ட்ரான்ஸ்பார்மர் கொதிக்குது, யாராச்சும் உதவுங்க

வால்வுகிறுக்கன்:
வணக்கம் மக்களே. சொந்தமா ஒரு சிங்கிள் எண்டட் ஸ்டீரியோ ஆம்ப் கட்டியிருக்கேன், சைடுக்கு ஒரு ஈஎல்84 (ஸ்பீக்கரை ஓட்டற பவர் வால்வு), முன்னாடி பொதுவா ஒரு ஈசிசி83 (சின்ன சிக்னலைப் பெருக்கற வால்வு). சவுண்டு அருமை, ஆனா கொஞ்ச நேரம் ஓடினதும் லைட்டை அணைச்சுட்டுப் பாத்தா ரெண்டு ஈஎல்84லயும் பிளேட்ல (உள்ள இருக்கற உலோகத் தகடு) மங்கலா செவப்பு தெரியுது, ட்ரான்ஸ்பார்மர் மேல கை வைக்க முடியல. சர்க்யூட்ல ரெக்டிபயர் (ஏசியை டிசி ஆக்கறது) ஈஇசட்81 வால்வு, நான் அந்த எடத்துல 1என்4007 டயோடு போட்டிருக்கேன். ட்ரான்ஸ்பார்மர் பழசு, பிரைமரி 220, எச்டி (வால்வுக்குப் போற ஹை வோல்டேஜ்) 220-0-220. சின்னதா ஒரு ஃபேன் வெச்சா போதுமா?

ஓம்காரன்:
ஃபேன் அப்புறம். பிளேட் செவக்குறது காத்து பத்தாம இல்ல, கரண்ட் ஜாஸ்தி. மெயின்ஸ் எவ்ளோ, ஹீட்டர் (பின் 4, 5), பிளேட் (7), கேத்தோடு (3, எலக்ட்ரான் கிளம்பற எடம்), கிரிட் (2, சிக்னல் வர்ற எடம்) எல்லாம் அளந்து போடுங்க. கறுப்பு லீடை சேஸிஸ்ல கிளிப் பண்ணிட்டு ஒரே கையால அளங்க. ஆஃப் பண்ணின பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்ல சார்ஜ் நிக்கும், டிஸ்சார்ஜ் பண்ணி மீட்டர்ல பாக்காம உள்ள கை விடாதீங்க சாமி.

வால்வுகிறுக்கன்:
மெயின்ஸ் 243, ஹீட்டர் 7.0, பிளேட் 305, கேத்தோடு 8.8 (ரெசிஸ்டர் 130 ஓம்), கிரிட் பூஜ்யம். ரெண்டு சைடும் கிட்டத்தட்ட அதேதான்.

ஓம்காரன்:
கிரிட் பூஜ்யம்னா கப்ளிங் கெப்பாசிட்டர் (முன் வால்வுலேந்து சிக்னலை மட்டும் விடறது) லீக் இல்ல, நல்லது. 8.8ஐ 130ஆல வகுத்தா 68 மில்லி ஆம்ப், ஸ்கிரீனுக்கு (வால்வோட ரெண்டாவது கிரிட்) ஒரு 7 போனா பிளேட்டுக்கு 60, பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவுல 296 வோல்ட், பெருக்கிப் பாருங்க, 18 வாட் கிட்ட வருது. ஈஎல்84க்கு லிமிட்டே 12 வாட். 130 ஓம்ங்கறது பிளேட்ல 250 வோல்ட் இருக்கற சர்க்யூட்டுக்கு உண்டான வேல்யூ.

ஈயப்புகை:
எச்டி லைன்ல 390 ஓம் 10 வாட் ஒண்ணு, ஹீட்டரோட ரெண்டு ஒயர்லயும் 0.18 ஓம் ஒண்ணொண்ணு, முடிஞ்சுது கதை.

ஓம்காரன்:
முடியும், ஆனா ட்ரான்ஸ்பார்மர் சூடு அப்படியேதான் இருக்கும். அதுக்கு நோய் பிரைமரில. 220க்கு சுத்தினதுக்கு 243 குடுத்தா கோர் சாச்சுரேஷன் (இரும்பு காந்தம் தாங்கற எல்லை) பக்கம் போகும், சும்மா நின்னாலே சுடும். ஈஇசட்81 போனதால ஹீட்டர் லோடும் 1 ஆம்ப் குறைஞ்சிருச்சு, அதான் 7 வோல்ட். நானா இருந்தா 24 வோல்ட் 1 ஆம்ப் ட்ரான்ஸ்பார்மர் ஒண்ணை எடுத்து அதோட செகண்டரியை மெயின்ஸோட சீரிஸ்ல எதிர் ஃபேஸ்ல (மெயின்ஸ்லேந்து அந்த வோல்ட் கழியற மாதிரி) போடுவேன், 218 கிட்ட வரும், ஹீட்டரும் எச்டியும் சேந்து எறங்கும். ஆம்ப்பை மாட்டறதுக்கு முன்னாடி அவுட்புட்டை அளந்துருங்க, ஒயர் மாறிப் போச்சுன்னா 268 வந்து நிக்கும். ஃபியூஸ் கட்டாயம். டயோடு போட்டதால எச்டி இன்னமும் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் இருக்கும், அதனால கேத்தோடுக்கு 130க்கு பதிலா 220 ஓம் 5 வாட் போடுங்க, கரண்ட் எறங்கும்.

வால்வுகிறுக்கன்:
பண்ணிட்டேன்ணா! மெயின்ஸ் 218, ஹீட்டர் 6.3, பிளேட் 278, கேத்தோடு 9.6. பிளேட்டுக்கு 39 மில்லி ஆம்ப், 10.5 வாட் வருது, சரிதானே? செவப்பு சுத்தமா போயிருச்சு, ட்ரான்ஸ்பார்மர் வெதுவெதுன்னு இருக்கு. வால்யூம் குறைஞ்ச மாதிரி எனக்குத் தெரியல.

ஓம்காரன்:
கணக்கு சரி. ஃபில்டர் கெப்பாசிட்டர் எத்தன வோல்ட்?

வால்வுகிறுக்கன்:
350. ஈஎல்84 பக்கத்துலயே ஒட்டி நிக்குது.

ஓம்காரன்:
450 போட்டு தள்ளி வைங்க, 105 டிகிரி வகையா பாத்து வாங்குங்க. டயோடு ஆன் பண்ணின உடனே முழு எச்டியையும் குடுத்துரும், வால்வு சூடாகி கரண்ட் இழுக்க பத்து இருபது செகண்ட் ஆகும், அதுவரைக்கும் லோடே இல்ல. பழைய 243ல அந்த நேரம் 350ஐ தொட்டிருக்கும், இப்ப 310 சொச்சம். சூட்டுக்கு வந்தா, பத்து டிகிரி ஏறினா எலக்ட்ரோலிட்டிக் ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு.

ஈயப்புகை:
அப்படியே எச்டிக்கு குறுக்க 220 கிலோ ஓம் 2 வாட் ப்ளீடர் ஒண்ணு போட்டுருங்க, ஆஃப் பண்ணினா கெப்பாசிட்டர் சார்ஜ் தானா எறங்கிரும். ஆனாலும் மீட்டர் வெச்சுப் பாத்துட்டே கை வைங்க.