அப்பாவுக்கு மலச்சிக்கல், சாப்பாட்டுலயே சரி பண்ண முடியுமா?

கேள்வி: அப்பாவுக்கு 70 வயசு, மூணு நாளைக்கு ஒருக்கா தான் போறாரு அதுவும் முக்கி முக்கி, இதுக்கு இன்னொரு மாத்திரையான்னு கத்துறாரு, வேற வழி இருக்கா?

பதில் 1: தண்ணி ஒழுங்கா குடிக்கிறாரா? ராத்திரி எந்திரிக்கணுமேன்னு வயசானவங்க குறைச்சுடுவாங்க. கொய்யாப்பழம் கொட்டையோட, கீரை, ஊறவெச்ச உலர்திராட்சை குடுங்க. ஒரேடியா ஏத்தாதீங்க, வயிறு உப்பிக்கும்.

பதில் 2: வெஸ்டர்ன் டாய்லெட்டா? காலுக்கடியில குட்டி ஸ்டூல் போட்டு முட்டி இடுப்புக்கு மேல வர மாதிரி உக்காரச் சொல்லுங்க. காலைல சாப்ட்டதும் குடல் தானா அசையும், அப்ப போனா ஈசி, பேப்பர் படிச்சு முடிச்சுட்டு போலாம்னு அடக்குனா போச்சு (எங்க மாமா கேஸ்).

பதில் 3: அயர்ன், கால்சியம் மாத்திரை எடுக்கறாரா? அதுவே கட்டும். ரத்தம் வந்தாலோ எடை குறைஞ்சாலோ உடனே டாக்டர்ட்ட காட்டுங்க.

கேள்வி கேட்டவர்: அட, அயர்ன் எடுக்கறாரே! டாக்டர்ட்ட கேக்கறேன்.