தொடுமின்னியற்றி: ட்ரைபோஎலக்ட்ரிக் நானோஜெனரேட்டருக்கு ஒரு சொல்

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ட்ரைபோஎலக்ட்ரிக் நானோஜெனரேட்டருக்கு, அதாவது பொருள்கள் தொட்டு விலகும் அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிக்கு, புதுச்சேரி நண்பர் முன்வைத்த ‘தேய்மின்னாக்கி’, அதற்கு அடுத்து வந்த ‘உராய்வுமின் நுண்ணாக்கி’ இரண்டையும் பார்த்தேன். கிரேக்க ‘ட்ரைபோ’வுக்கு இரண்டுமே சரியான பொருள்தான். ஆனால் கருவிக்குள் நடக்கும் வேலையைச் சொல்லும் பெயராக இருந்தால் நமக்கு நல்லது. ‘தொடுமின்னியற்றி’ என்று வைப்போம் என்கிறேன்.

வெவ்வேறான இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று தொட்டாலே மின்னூட்டம் இடம் மாறிவிடும். தேய்ப்பதால் தொடும் பரப்பு கூடுகிறது, அதனால் மின்னூட்டமும் கூடுகிறது. தொட்டவை விலகும்போது, அவற்றின் முதுகில் ஒட்டிய மின்வாய்களுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு எழுந்து வெளிச்சுற்றில் மின்சாரம் ஓடும். மறுபடி நெருங்கினால் எதிர்த்திசையில் ஓடும். ஜார்ஜியா டெக்கில் சோங் லின் வாங் குழு 2012இல் அறிமுகப்படுத்திய கருவிக்கு இதுதான் அடிப்படை.

கடலூரில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைச் செய்துகாட்ட ஹார்டுவேர் கடை டெஃப்லான் டேப்பும் சமையலறை அலுமினியத் தாளும் போதும். உள்ளங்கை அளவு அலுமினியத் தாளின் மேல் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். எதிரே இன்னொரு அலுமினியத் தாள். இரண்டு தாள்களையும் ஒரு எல்.இ.டி.யின் இரு கால்களோடு கம்பியால் இணைக்க வேண்டும். கையால் தட்டி எடுத்தால் எல்.இ.டி. மினுக்கென்று எரிந்து அணையும். தேய்க்கவே வேண்டாம், தட்டினால் போதும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அடம்பிடிக்கும். கடற்காற்றின் ஈரம் பரப்பில் படிந்து மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். ஹேர் டிரையரால் காயவைத்துவிட்டுத் தட்டிப் பாருங்கள். இந்த வகைக் கருவிகளில் மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் வரை போகும். மின்னோட்டம் பெரும்பாலும் மைக்ரோ ஆம்பியர் கணக்குதான். அதனால் உணரிகளுக்கு ஏற்றது, வீட்டு விளக்குக்கு ஆகாது.

‘தொடுமின்’ என்றால் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்களோ என்று ஒருவர் கேட்டிருந்தார். தொடுகோடு, தொடுவானம், தொடுதிரை எல்லாம் நம்மிடம் குழப்பமில்லாமல் புழங்குகின்றன. இதுவும் அந்த வரிசையில் உட்கார்ந்துகொள்ளும். நழுவி உரசும் வகைக் கருவிக்கும் இதே பெயர் பொருந்தும். அங்கேயும் தொடாமல் எதுவும் நடப்பதில்லை.

அடுத்து, இப்படி அசைவிலிருந்து மின்சாரம் எடுக்கும் கருவிகளில் சேரும் பீங்கான். ‘பீங்கான் மின்னாக்கி’ என்று பொதுவாகப் பெயர் வைப்பதை நான் ஏற்கவில்லை. இந்தக் கருவிகளில் பீங்கான் இரண்டு வெவ்வேறு வேலைகளைச் செய்கிறது. பேரியம் டைட்டனேட் என்ற பீங்கானை அழுத்தினால் அதுவே மின்னூட்டம் தரும். 1880இல் கியூரி சகோதரர்கள் படிகங்களில் கண்ட விளைவு இது. ஆகவே அந்தக் கருவி ‘அழுத்தமின்னியற்றி’. அதே பேரியம் டைட்டனேட்டைத் தூளாக்கி சிலிக்கோன் ரப்பரில் கலந்து தொடுபரப்பாக வைத்தால், அதன் உயர்ந்த மின்காப்பு மாறிலியால் பரப்பு அதிக மின்னூட்டம் தாங்கும். அங்கே மின்னூட்டம் பிறப்பது தொடுதலில். பீங்கான் துணைக்கு நிற்கிறது. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டால் படிக்கிற பிள்ளைக்கு எது எதனால் நடக்கிறது என்றே தெரியாமல் போகும்.

‘பீங்கான்’ என்ற சொல்லை விட வேண்டாம். விருத்தாசலத்தில் பீங்கான் என்றதும் நினைவுக்கு வருவது களிமண்ணில் செய்து சுட்ட வெள்ளை ஃப்யூஸ் கேரியர்தான். மின்சாரத்தைத் தடுப்பதே அதன் வேலை. பேரியம் டைட்டனேட்டில் களிமண் துளியும் கிடையாது. ஆனாலும் தூளைக் கலந்து, அச்சில் அழுத்தி, ஆயிரம் டிகிரிக்கு மேல் சுட்டு இறுக்குகிற செய்முறை ஒன்றேதான். சூளை பொது என்பதால் பெயரும் பொதுவாக இருக்கட்டும். கூடவே ‘ஈயமில்லாப் பீங்கான்’ என்ற சொல்லும் நமக்கு வேண்டும். அழுத்தமின்னியற்றிகளில் பரவலாகப் பயன்படும் பீங்கானான லெட் சிர்க்கோனேட் டைட்டனேட்டின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உடம்பில் அணியும் கருவிகளைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாட்டைச் சொல்லியே ஆக வேண்டும்.

நானோவை நானோவாகவே விடலாம். ‘நுண்’ என்று போட்டால் கருவியே கண்ணுக்குத் தெரியாத அளவு என்று நினைப்பார்கள். உள்ளங்கை அளவுக் கருவிக்கும் இந்தப் பெயர்தானே. ‘நானோ தொடுமின்னியற்றி’, ‘நானோ அழுத்தமின்னியற்றி’. இரண்டும் கலந்ததற்கு ‘கலப்பு மின்னியற்றி’ போதுமா, இல்லை இரண்டு வினையும் தெரிய வேண்டுமா?

அப்புறம் ‘போலிங்’. சுட்ட பீங்கானைச் சூடான எண்ணெயில் அமிழ்த்தி, உயர் மின்னழுத்தம் கொடுத்து, உள்ளே தாறுமாறாக இருக்கும் மின் இருமுனைகளை ஒரே திசைக்குத் திருப்பும் வேலை. பாடநூலில் உள்ள ‘முனைவாக்கம்’ வேறு பொருளுக்குப் போய்விட்டது. ‘முனைநிரைப்பு’ என்று யோசித்து வைத்திருக்கிறேன். ஆய்வகத்தில் இதைக் கையால் செய்கிறவர்கள் வாயில் இந்தச் சொல் வருமா என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து ஓர் இயற்பியல் ஆசிரியர்