1997 மாருதி 800: விடியற்காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம். கார்புரேட்டரை மாற்றணுமா?

பாகாயம்வாசி
வணக்கம். அப்பாவுடைய பழைய 800, கார்புரேட்டர் (காற்றையும் பெட்ரோலையும் கலந்து என்ஜினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள வண்டி. கார்த்திகை தீபம் முடிந்ததிலிருந்து காலையில் ரொம்பப் படுத்துகிறது. ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் காட்பாடியில் ரயிலைப் பிடிக்க முடியும். சோக்கை (ஜில்லென்ற என்ஜினை ஸ்டார்ட் பண்ண இழுக்கும் குமிழ்) முழுசா இழுத்துவிட்டுத்தான் சாவியைத் திருப்புகிறேன். செல்ஃப் நன்றாகவே சுற்றுகிறது, என்ஜின்தான் பிடிக்க மாட்டேன் என்கிறது. விட்டு விட்டு அடித்தால் இருமி, குலுங்கி ஒருவழியாகப் பிடிக்கும். அதற்கப்புறம் நாள் முழுக்கத் தொட்டால் ஸ்டார்ட். ஐடிலிங், பிக்கப் எதிலும் குறை இல்லை. சாயங்காலம் ஸ்டேஷனிலிருந்து எடுக்கும்போது சோக்கே தேவைப்படுவதில்லை.

பேட்டரி ஆடி மாதம் மாற்றியது. மெக்கானிக் பார்த்துவிட்டு, "கார்புரேட்டரையே மாத்திடலாம்" என்கிறார். செலவு செய்வதற்கு முன் விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வேலூரில் ஏது குளிர் என்று மட்டும் கேட்காதீர்கள், மலையடிவாரத்தில் மார்கழி விடியலில் வந்து நின்று பாருங்கள்.

ஆரணி_அண்ணன்
பேட்டரிதான்மா. புதுசு என்று நம்பாதீங்க, கடையில் ரொம்ப நாள் கிடந்ததைத் தலையில் கட்டியிருப்பாங்க. குளிரில் பேட்டரி படுத்துக்கும்.

வாலாஜா_ஒர்க்‌ஷாப்
அண்ணே, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது என்று அவங்களே எழுதியிருக்காங்களே. பேட்டரி படுத்திருந்தால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றும், இல்லை டக் டக்கென்று சத்தம் மட்டும் வரும், டேஷ்போர்டு விளக்கு மங்கும். சந்தேகம் தீர ஒரு மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.4 வோல்ட்டுக்கு மேல் காட்டணும், 12.6 இருந்தால் முழு சார்ஜ். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இது தேறினால் பேட்டரியை விட்டுவிடலாம்.

இன்னொன்று, நம்ம ஊரில் பேட்டரியைக் கொல்வது குளிர் இல்லை, அக்னி நட்சத்திரம். வெயிலில் உள்ளே தகடு அரித்துப் போயிருக்கும், டிஸ்டில்டு வாட்டர் வற்றியிருக்கும், யாருக்கும் தெரியாது. மார்கழியில் என்ஜின் ஆயில் கொஞ்சம் கெட்டியானதும் சாயம் வெளுக்கும். பழிதான் குளிர் மேல். உங்களுடையது அந்தக் கேஸ் மாதிரித் தெரியவில்லை மேடம்.

15, 16 டிகிரியெல்லாம் என்ஜினுக்குப் பெரிய குளிரே இல்லை. ஆனால் சோக் சரியாக வேலை செய்யாவிட்டால் அதற்கே திணறும். பெட்ரோல் ஆவியானால்தான் எரியும். என்ஜின் ஜில்லென்று இருக்கும்போது பாதி பெட்ரோல் ஆவியாகாமல் மேனிஃபோல்டு (கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகும் குழாய்) சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். அதை ஈடுகட்டத்தான் சோக் காற்றை மறித்துப் பெட்ரோலைக் கூடுதலாக இழுக்க வைக்கிறது. கார்புரேட்டரே கெட்டிருந்தால் பகலிலும் ஐடிலிங், பிக்கப் இரண்டும் அடி வாங்கியிருக்கும். அதனால் மாற்றுகிற பேச்சை இப்போதைக்கு நிறுத்துங்க.

செய்ய வேண்டியது இது. ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்தால் கார்புரேட்டர் வாய் தெரியும். அதில் காசு மாதிரி வட்டமான பித்தளைத் தகடு ஒன்று இருக்கும். உள்ளே ஒருவரை உட்கார வைத்து சோக் குமிழை இழுக்கச் சொல்லிவிட்டு அந்தத் தகட்டைப் பாருங்க. வாயை முழுசாக அடைக்கணும். டேஷ்போர்டில் குமிழ் முழுசா வெளியே வந்துவிட்டது என்பது ஒரு கணக்கே இல்லை.

தகடு சரியாக மூடுகிறது என்றால், மறுநாள் காலை செல்ஃப் அடித்தும் பிடிக்காதபோது ஒரு ஸ்பார்க் பிளக்கைக் (என்ஜினுக்குள் தீப்பொறி தருவது) கழற்றிப் பாருங்க. காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் நெருப்பு பலவீனம். அப்போது பிளக் இடைவெளி (0.7–0.8 மி.மீ.), பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு பிளக்குக்கும் கரன்ட்டைப் பிரித்து அனுப்புவது) மூடி இதெல்லாம் பார்க்கணும். செல்ஃபை ஒரே மூச்சில் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீங்க. அரை நிமிஷம் விட்டு அடுத்தது.

ஏலகிரி_14_வளைவு
சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலேட்டரை ரெண்டு தடவை முழுசா அழுத்தி விடுங்க. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கார்புரேட்டருக்குள் கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். அதுக்கு மேல் அழுத்தினால் ஓவர்ஃப்ளோ. அப்படி ஆகிவிட்டால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலேட்டரை முழுசா மிதித்தபடியே செல்ஃப் அடிங்க, தெளிந்துவிடும். எங்க மலை மேல் கதை வேறு. ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்று லேசு, சோக்கை அதிக நேரம் இழுத்து வைத்தால் கரும்புகைதான். யாராவது பாட்டிலில் பெட்ரோல் எடுத்து கார்புரேட்டர் வாயில் ஊற்றச் சொன்னால் கேட்காதீங்க. பேக்ஃபயர் (என்ஜினிலிருந்து தீ கார்புரேட்டர் வழியே திரும்பி வருவது) அடித்தால் பானெட்டே பற்றிக்கொள்ளும்.

பாகாயம்வாசி
எல்லோருக்கும் நன்றி. மீட்டரில் 12.5, செல்ஃப் அடிக்கும்போது 10.4. ஆரணி அண்ணன் மன்னிக்கணும்.

சோக்கில்தான் விஷயம் இருக்கிறது. தம்பி குமிழை முழுசா இழுத்தும் தகடு பாதியில் நின்றுவிட்டது. கேபிளின் மேலுறையைப் பிடித்திருக்கும் கிளாம்ப் தளர்ந்து, குமிழை இழுக்கும்போது உறையும் சேர்ந்து நகர்கிறது. உறையைப் பழைய இடத்தில் வைத்து ஸ்குரூவை இறுக்கினேன். இப்போது தகடு 'டப்' என்று மூடுகிறது. மறுநாள் காலை வண்டி உடனே பிடித்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எடுக்காமல் விட்டால் திங்கள் காலை மட்டும் இன்னும் நீளமாக அடிக்க வேண்டியிருக்கிறது. பிளக் காய்ந்திருந்தது. இது வேறு கோளாறா?

ஆரணி_அண்ணன்
மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா, வண்டி ஓடினால் சரி. 12.5-ன்னா நல்ல பேட்டரிதான்.

வாலாஜா_ஒர்க்‌ஷாப்
வேறுதான். நின்ற வண்டியில் கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் மெல்ல ஆவியாகும், அது சகஜம். லைனில் நிற்கிற பெட்ரோலும் டேங்குக்கே திரும்பி இறங்கிவிட்டால், மெக்கானிக்கல் பம்ப் மறுபடி முதலிலிருந்து இழுத்து நிரப்பணும். அதுதான் அந்த நீள செல்ஃப். பம்ப் வால்வு தேய்ந்திருக்கலாம், ஆனால் முதலில் ரப்பர் ஹோஸைப் பாருங்க. இப்போது வருகிற 20 சதவீத எத்தனால் பெட்ரோல் பழைய காலத்து ரப்பருக்கு ஆகாது, விறைத்து வெடிப்பு விடும். வெடிப்பில் காற்று புகுந்தால் லைன் இறங்கிவிடும். ஹோஸை வளைத்துப் பார்த்தாலே மேலே கீறல் தெரியும்.

மாற்றும்போது எத்தனால் தாங்கும் ஃப்யூயல் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்க, தண்ணீர் ட்யூப் வேண்டாம். கிளிப்பும் புதுசு போடுங்க. என்ஜின் ஆறிய பிறகு, பேட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு வேலை செய்யணும். போட்டு முடித்ததும் வண்டியை ஓட விட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துணியால் துடைத்துப் பாருங்க, ஈரம் ஒட்டக்கூடாது. அதற்கப்புறமும் திங்கட்கிழமை இழுத்தால் பம்ப்பைக் கழற்றிக் கொண்டு வாங்க.