பிரிவு 11 ஆட்சேபம்: அம்மன் பெயர் கொண்ட மசாலா மார்க்குக்குப் பதில் எழுதுவது எப்படி?

கார்த்திக்_ஈரோடு

வணக்கம். டிரேட்மார்க் வேலை பார்க்கும் சீனியர்களிடம் ஒரு சந்தேகம்.

கட்சிக்காரர் மசாலாப் பொடி தயாரிப்பாளர். ஓர் அம்மன் பெயரோடு "மசாலா" என்ற சொல்லைச் சேர்த்து, வகுப்பு 30-இல் (மசாலா, சேமியா போன்ற உணவுப் பொருள்கள் வரும் வகுப்பு) வேர்டு மார்க்காக, அதாவது படம் இல்லாமல் சொல்லுக்கு மட்டும், விண்ணப்பம் போட்டிருக்கிறது. 2014 முதல் பயன்பாடு என்று டிஎம்-ஏ விண்ணப்பப் படிவத்தில் காட்டியிருக்கிறோம். அதற்கான அஃபிடவிட் இரண்டே பக்கம், இணைப்பாக மூன்று பில். மின்னஞ்சலில் டிரேட்மார்க் பதிவகத்தின் பரிசோதனை அறிக்கை வந்து 12 நாள் ஆகிறது. டிரேட்மார்க் சட்டம் பிரிவு 11(1)-இன் கீழ் (முந்தைய மார்க்கோடு குழப்பம் வரும் என்ற ஆட்சேபம்) இரண்டு மார்க்குகளைக் காட்டியிருக்கிறார்கள், இரண்டிலும் அதே அம்மன் பெயர்.

முதலாவது வகுப்பு 30-இல் பதிவான லேபிள். பொருள் சேமியா, ரவை. பதிவுக் காலம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது, புதுப்பித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது எங்களுக்கு முன்பே போடப்பட்ட விண்ணப்பம், பொருள் மசாலா. "இனிமேல் பயன்படுத்த உத்தேசம்" என்று போட்டிருக்கிறார்கள். நிலை: ஆட்சேபிக்கப்பட்டது.

மார்க்குகள் மொத்தத்தில் வேறுபட்டவை, குழப்பம் வராது, எங்கள் பெயர் தனித்தன்மை வாய்ந்தது என்று நாலு பக்கத்துக்கு வழக்கமான ஒரு டெம்ப்ளேட் பதில் கையில் இருக்கிறது. அதையே போட்டுவிடலாமா? முதல் மார்க் காலாவதி ஆகிவிட்டதால் அதை விட்டுவிடலாம்தானே?

மார்க்ஏஜென்ட்_கோவை

டெம்ப்ளேட்டைப் போடாதீர்கள் தம்பி. ஒரே அம்மன் பெயரை வைத்துக்கொண்டு "மொத்தத்தில் வேறுபட்டவை" என்று எழுதினால் பரிசோதகர் அடுத்த வரியைப் படிக்க மாட்டார்.

முதலில் கெடு. டிரேட்மார்க் விதிகளில் விதி 33(4)-இன்படி அறிக்கை கிடைத்த நாளிலிருந்து ஒரு மாதம். மின்னஞ்சலில் வருவது அனுப்பிய அன்றே கிடைத்ததாகக் கொள்ளப்படும். கட்சிக்காரர் எப்போது திறந்து பார்த்தார் என்பது கணக்கில் வராது. பதில் போகாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாக ஆகிவிடும். பதிலுக்குக் கட்டணம் கிடையாது, டிஜிட்டல் கையெழுத்தோடு ஏற்ற வேண்டும். கடைசி நாள் ராத்திரிக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து அந்த "காலாவதி". இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். காலம் முடிந்து ஆறு மாதம் வரை கூடுதல் கட்டணத்தோடு புதுப்பிக்கலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு ஓர் ஆண்டுக்குள் மீட்டெடுக்கவும் முடியும். இரண்டும் பிரிவு 25-இல் இருக்கிறது. ஐந்து மாதம்தான் ஆகிறது என்றால் அந்த மார்க் உயிரோடுதான் இருக்கிறது. பதிவேட்டிலிருந்து நீக்கிய பிறகும்கூட, பிரிவு 26-இன்படி ஓர் ஆண்டுக்கு அது பதிவில் இருப்பதாகவே வைத்து மற்றவர் விண்ணப்பத்தைப் பார்ப்பார்கள். விலக்கு இரண்டே: நீக்கத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் உண்மையான பயன்பாடு இல்லை என்றோ, குழப்பம் வர வாய்ப்பில்லை என்றோ பதிவாளர் திருப்தி அடைய வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. காலம் முடியுமுன் உரிமையாளருக்குப் பதிவகம் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது போகவில்லை என்றால் நீக்கமே செல்லாது என்று உயர் நீதிமன்றங்கள் சொல்லி, பல ஆண்டு கழித்தும் புதுப்பிக்க அனுமதித்திருக்கின்றன. அதனால் "காலாவதி" என்பதை ஒரு கூடுதல் வாதமாக எழுதுங்கள். முழுப் பாரத்தையும் அதன்மேல் ஏற்றாதீர்கள்.

பொருநை

கோவை சார் சொன்னதோடு சேர்த்து, ஒலி ஒற்றுமை பற்றி.

அம்மன் பெயர் விஷயத்தில் நம் ஊர் வழக்கே ஒன்று இருக்கிறது. மூக்குப்பொடிக்கு "ஸ்ரீ அம்பாள்" பதிவாகியிருந்தபோது இன்னொருவர் "ஸ்ரீ ஆண்டாள்" லேபிளுக்கு விண்ணப்பித்தார். படம் வேறு, அர்த்தம் வேறு, தெய்வமே வேறு. ஆனாலும் காதில் விழும் ஒலி நெருங்கி வருகிறது என்று 1969-இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. இரண்டு வேறு பெயர்களுக்கே அந்தக் கதி. உங்களுடையது ஒரே பெயர். ஆகவே "படம் வேறு, எழுத்துரு வேறு" என்ற பத்தியை முழுசாக எடுத்துவிடுங்கள். அதிலும் நீங்கள் போட்டிருப்பது வேர்டு மார்க், அதில் படமே கிடையாது.

மறுபுறம், நமக்கும் ஒரு நல்ல வாதம் இருக்கிறது. தெய்வப் பெயரும் புனித நூல் பெயரும் யாருக்கும் தனியுரிமை ஆகாது. ஊதுபத்திக்கு "ராமாயண்" என்ற பெயரை உச்ச நீதிமன்றம் 2015-இல் மறுத்தது இந்த வழியில்தான். அதே பெயரில் பலர் விற்கிறார்கள் என்றால் பெயர் பலவீனமானது, சிறு வேறுபாடே போதும் என்று வாதிடலாம். இதற்குத் தேடல் அறிக்கையை மட்டும் அச்செடுத்து வைத்தால் எடுபடாது. பதிவேட்டில் இருப்பதாலேயே சந்தையில் இருப்பதாகாது என்று குளுவிட்டா-குளுகோவிட்டா வழக்கில் 1959-இலேயே தீர்ப்பு வந்துவிட்டது. கடையில் பாக்கெட் வாங்கி, பில்லோடு படமெடுத்து, தயாரிப்பாளர் முகவரி தெரிய இணையுங்கள்.

ஆனால் ஒன்று: இந்த வாதம் இருபுறமும் வெட்டும். இன்றைக்குப் "பெயர் பொதுவானது" என்று எழுதிக் கொடுத்தால், நாளை உங்கள் கட்சிக்காரர் வேறொருவர்மேல் வழக்குப் போடும்போது அதே தாளைக் காட்டுவார்கள். கட்சிக்காரரிடம் இதைச் சொல்லி, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.

கார்த்திக்_ஈரோடு

நன்றி சார். அப்படியானால் நம் பலம் 2014 முதல் பயன்பாடு மட்டும்தானா? பில்கள் நிறைய இருக்கின்றன, ஆனால் பலவற்றில் "மிளகாய்ப் பொடி 50 கிலோ" என்றுதான் இருக்கிறது. மார்க் பெயர் இல்லை. விண்ணப்பத்தில் பொருள் என்ற இடத்தில் வகுப்பு 30 தலைப்பு முழுவதையும் போட்டிருக்கிறோம்.

மார்க்ஏஜென்ட்_கோவை

ஆமாம், முதலில் பயன்படுத்திய தேதியில்தான் எல்லாம் நிற்கிறது. மார்க் பெயர் இல்லாத பில், வியாபாரம் நடந்ததைக் காட்டும், மார்க் நடந்ததைக் காட்டாது. இவற்றைத் தேடச் சொல்லுங்கள்:

பவுச் அச்சடித்த அச்சகத்தின் பில். குறிப்பாக அச்சு சிலிண்டர் (டிசைன் செதுக்கிய உருளை) போட்ட பில். ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் வெட்டுவதால் டிசைன் பெயரும் தேதியும் அதில் இருக்கும். முதல் பயன்பாட்டுக்கு இதைவிட நல்ல சான்று அபூர்வம். அதோடு விநியோகஸ்தர் ஆர்டர்கள், பத்திரிகை விளம்பரம், ஆண்டுவாரி விற்பனைக்கு ஆடிட்டர் சான்றிதழ். ஆடிட்டர் சான்றிதழ் நிறுவனத்தின் மொத்த விற்றுமுதலைச் சொல்லக் கூடாது, இந்த மார்க்கின் கீழ் விற்றதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

ஆண்டுக்கு நாலு பில் போதும். 2014-க்கு மட்டும் இருப்பதை எல்லாம் வையுங்கள். புது அஃபிடவிட்டில் ஒவ்வொரு தாளுக்கும் இணைப்பு எண் கொடுத்து, எந்த ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு ரூபாய் என்று அட்டவணை போடுங்கள். விதி 25(2) கேட்பது வெறும் அஃபிடவிட் அல்ல, ஆதாரத்தோடு கூடிய அஃபிடவிட்.

ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு தாளையும் நீங்களே சந்தேகப்பட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி 2017 ஜூலை 1-இல்தான் வந்தது. 2015 தேதியிட்ட பில்லில் 15 இலக்க ஜிஎஸ்டி எண் இருந்தால் அது பின்னால் அடித்த பில். அப்போது இருந்தது 33-இல் தொடங்கும் 11 இலக்க டின் (வாட் வரி) எண். அதுபோல எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணில் 4, 5-ஆம் இலக்கங்கள் ஆண்டைக் குறிக்கும். 12419 என்று தொடங்கும் எண் அச்சிட்ட கவரை "2014 லேபிள்" என்று வைத்தால், எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே நிமிடத்தில் பிடித்துவிடுவார். ஒரு தாள் பொய் என்று ஆனால் மற்ற எல்லாத் தாளும் அதோடு போகும். சத்தியப் பிரமாணம் செய்தவர் கட்சிக்காரர் என்பதையும் மறக்க வேண்டாம். அப்படி ஒரு தாளைத் தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வகுப்புத் தலைப்பு முழுவதும் போட்டது தவறான பழக்கம். காபி, தேநீர், பிஸ்கட், சேமியா எல்லாம் அதற்குள் வந்து நீங்களே மோதலை உண்டாக்கிக்கொள்கிறீர்கள். திருத்தம் கேட்கும் டிஎம்-எம் படிவத்தில் மசாலாப் பொடி, மஞ்சள் தூள் என்று சுருக்குங்கள். இணையவழி கட்டணம் 900 ரூபாய். இருக்கும் பட்டியலிலிருந்து நீக்கலாம், புதிதாகச் சேர்க்க முடியாது. சுருக்கிய பிறகும் சேமியாவும் மசாலாவும் ஒரே மளிகைக் கடையில் ஒரே அலமாரியில் இருப்பவைதான், அதனால் பொருள் வேறுபாட்டு வாதம் ஓரளவுக்குத்தான் உதவும்.

நீதிமன்றச்சாலை

வாதத்தின் வரிசை பற்றிக் கொஞ்சம்.

பரிசோதகர் "முந்தைய மார்க்" என்று பார்ப்பது விண்ணப்பத் தேதியை. பிரிவு 11-இன் விளக்கத்தில் நிலுவை விண்ணப்பமும் அடங்கும். அதனால் இரண்டாவது மார்க் இன்னும் பதிவாகவில்லை என்று சொல்வது பதிலாகாது. பிரிவு 12-ஐப் பிடியுங்கள்: நேர்மையான இணைப் பயன்பாடு, அல்லது "பிற சிறப்புச் சூழ்நிலை". அவர்கள் பயன்படுத்தத் தொடங்கியதாகவே சொல்லவில்லை, நாம் 2014 முதல் விற்கிறோம் என்பதே அந்தச் சூழ்நிலை. பதிவு பெற்றவரைவிட முந்திப் பயன்படுத்தியவரின் உரிமை மேலானது என்பதற்கு இருட்டுக்கடை அல்வா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பை, பிரிவு 34-உடன் சேர்த்து மேற்கோள் காட்டுங்கள்.

பதிலோடு நிறுத்தக் கூடாது. திங்கள்கிழமைதோறும் வரும் டிரேட்மார்க் ஜர்னலில் அந்த இரண்டாவது விண்ணப்பத்தைக் கண்காணியுங்கள். விளம்பரமானால் நான்கு மாதத்துக்குள் டிஎம்-ஓ படிவத்தில் எதிர்ப்பு, இணையவழியில் வகுப்புக்கு 2,700 ரூபாய். இந்த நான்கு மாதத்துக்கு நீட்டிப்பே கிடையாது.

சேமியாக்காரரைப் பொறுத்தவரை, முதலில் போய்ப் பேசிப் பாருங்கள். அவருடைய எழுத்துச் சம்மதம் இருந்தால் பிரிவு 11(4)-இல் பதிவாளர் ஏற்கலாம். மசாலா தயாரிக்கும் எண்ணம் அவருக்கு இல்லையென்றால் பெரும்பாலும் முடிந்துவிடும் காரியம். சம்மதிக்கவில்லை, சந்தையிலும் அவர் சரக்கு இல்லை என்றால், ஐந்து ஆண்டு மூன்று மாதம் பயன்படுத்தாததைக் காட்டி பிரிவு 47-இல் நீக்கம் கேட்கலாம். ஆனால் அவருக்கு நோட்டீஸ் போனதும் அவர் உடனே புதுப்பிக்கக்கூடும். எனவே முதலில் பேச்சு, பிறகுதான் நீக்க மனு.

பொருநை

விசாரணைக்கு அழைத்தால் காணொலியில்தான் நடக்கும், கிடைப்பது சில நிமிடம். மூன்றே தாள் திறந்து வைத்திருங்கள்: 2014 சிலிண்டர் பில், ஆண்டுவாரி அட்டவணை, அவர்கள் விண்ணப்பத்தில் "பயன்படுத்த உத்தேசம்" என்றுள்ள பக்கம்.

மறுத்தால், முப்பது நாளுக்குள் டிஎம்-எம் போட்டு மறுப்புக்கான காரணங்களை எழுத்தில் கேளுங்கள். மறுஆய்வு கேட்பதானால் அதற்கு ஒரு மாதம். மேல்முறையீடு பிரிவு 91-இன்படி மூன்று மாதத்துக்குள். 2021-இல் ஐபிஏபி (அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியம்) கலைக்கப்பட்ட பிறகு அது சென்னை உயர் நீதிமன்றத்தின் அறிவுசார் சொத்துரிமைப் பிரிவுக்குப் போகும். அங்கே புது ஆவணம் சேர்ப்பது எளிதல்ல. ஆகவே அந்தச் சிலிண்டர் பில்லை இப்போதே பதிலோடு ஏற்றிவிடுங்கள். அச்சகத்திடம் பழைய லெட்ஜர் இருக்கிறதா என்று நாளைக்கே ஆள் அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள்.