குளிசையையும் விடாமல், ஜெபத்தையும் விடாமல்: கிறிஸ்தவ உளவளத்துணைக்குப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

கொட்டாஞ்சேனை13:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பிக்கு 24 வயது. போன வருடம் பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், இருதுருவ மனநிலைக் கோளாறு (பைபோலர்) என்றார்கள், மனம் ஒரு காலம் அளவுக்கு மீறி ஏறும், ஒரு காலம் அப்படியே இறங்கிவிடும். அதைச் சமப்படுத்த லித்தியம் குளிசை எடுக்கிறான். மாதத்துக்கு ஒரு தடவை கிளினிக். அங்கே சனம் நிறைந்து கிடக்கும், டொக்டரோடு பத்து நிமிடம் கதைக்கக் கிடைத்தாலே பெரிய விஷயம். நித்திரை எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்பார், அவ்வளவுதான். "கடவுள் என்னை ஏன் இப்படி விட்டார்?" என்று தம்பி இரவில் என்னிடம் கேட்கிறானே, அதை அந்த மேசைக்கு முன்னால் இருந்து கேட்க முடியுமா?

நாங்கள் சபைக்குப் போகிற குடும்பம். எங்கள் சபையில் ஒரு சகோதரர் உளவளத்துணை செய்கிறார். அவரிடம் கூட்டிக்கொண்டு போவோம் என்று அம்மா சொல்கிறார். அதே சபையில் ஒரு அன்ரி, குளிசையை நிறுத்திவிட்டு 21 நாள் உபவாசம் இருந்தால் பூரண சுகம் என்று தம்பியிடமே சொல்லிவிட்டார். அவன் குழம்பிப் போனான். நேற்று பிஸ்கட் ரின்னைத் திறந்தபோது அடியில் கடதாசியில் சுற்றின குளிசைகள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், மூன்று நாள் போடாமல் இருந்திருக்கிறான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியான உளவளத்துணைக்குப் போய் நன்மை கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள். எப்படிப்பட்டவரிடம் போக வேண்டும்?

தெஹிவளை_மிஸ்:

தங்கச்சி, மற்றதெல்லாம் பிறகு. இன்றைக்கே கிளினிக்கில் மூன்று நாள் விட்டதைச் சொல்லிக் கேளுங்கள். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுத்துவிடாதீர்கள், அது ஆபத்து. ராத்திரியில் ஏதும் பதற்றமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுங்கள். அது அங்கொடை மனநல ஆஸ்பத்திரியாயிற்றே என்று நினைத்துக் கூச்சப்பட வேண்டாம், என் கணவருக்காக நானே எடுத்துக் கதைத்திருக்கிறேன்.

வெள்ளவத்தை06:

தங்கச்சி, எனக்கும் இதே வருத்தம்தான், 2011 இல் இருந்து. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை எனக்கு வந்தது ஏறுகிற பக்கம். அது வருத்தம் என்று வீட்டிலும் தெரியாது, சபையிலும் தெரியாது. மூன்று இரவு ஒரு பொட்டு நித்திரை இல்லாமல் ஜெபித்தேன், களைக்கவே இல்லை. ஞாயிறு ஆராதனையில் எழும்பி முக்கால் மணித்தியாலம் சாட்சி சொன்னேன், கேட்டவர்கள் அழுதார்கள். சம்பளம் முழுவதையும் காணிக்கைப் பெட்டியில் போட்டேன். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்றுவிட்டாய் என்று என் முதுகில் தட்டினார்கள். அடுத்த நாள் 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி, வெள்ளவத்தையில் இருந்து புறக்கோட்டை வரைக்கும் நின்றபடி பிரசங்கம் செய்தேன். கடைசியில் அண்ணா வந்துதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து இறங்கிவிட்டது. கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை, பல் விளக்கவே ஒரு நாள் எடுக்கும். அப்போது அதே ஆட்கள் வந்து, விசுவாசம் குறைந்துவிட்டது, மறைத்து வைத்த பாவம் ஏதோ இருக்கிறது என்றார்கள். ஏறினபோது அபிஷேகம், இறங்கினபோது பாவம். இரண்டும் ஒரே வருத்தம் என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை. அவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை, எனக்கே அப்போது தெரியாதே. ஆனால் உங்கள் தம்பி ஒரு நாள் திடீரென்று ஜெபத்தில் பொங்கி எழுந்தால், சந்தோஷப்பட முதல் முந்தின இரவு எத்தனை மணித்தியாலம் படுத்தான் என்று பாருங்கள். முழு இரவு ஜெபத்துக்கு அவனை விடவே வேண்டாம். எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு இரவு முழிப்பே ஏற்றத்தைக் கிளப்பிவிடும்.

உபவாசமும் அப்படித்தான். குளிசையை நிறுத்துவது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். குளிசை போட்டுக்கொண்டே பட்டினி இருப்பதும் ஆபத்துத்தான். லித்தியம் ஒரு வகை உப்பு, சிறுநீரகம் வழியாகத்தான் வெளியே போகும். உடம்பில் தண்ணீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும், இரத்தத்தில் அளவு ஏறும். டொக்டர்மார் பெரும்பாலும் அதை லீற்றருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரைக்குள் வைத்திருக்கப் பார்ப்பார்கள். 1.5 ஐத் தாண்டினால் நஞ்சு. கை பலமாக நடுங்கும், வாந்தி, வயிற்றோட்டம் வரும், நடை தள்ளாடும். அப்படிக் கண்டால் கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தலையிடிக்கு இபுப்ரோஃபன் வகைக் குளிசை வாங்கிக் கொடுக்காதீர்கள், அதுவும் அளவை ஏற்றும். பனடோல் பரவாயில்லை.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நான் போனது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையிடம். தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. இரண்டு பிளாஸ்டிக் கதிரை, ஒரு மின்விசிறி, சுவருக்கு அந்தப் பக்கம் பாடகர் குழு பழகுகிற சத்தம். போனவுடனே தலையில் கை வைத்து ஜெபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது என் கிளினிக் கொப்பியை. கடைசியாக இரத்தம் எடுத்த திகதி எது, அடுத்த கிளினிக் எப்போது என்று பார்த்துவிட்டு, ஞாயிறு ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில் அடிமட்டம் வைத்து நான்கு கோடு இழுத்தார். படுத்த நேரம், எழும்பின நேரம், குளிசை, மனம். "மனம்" என்ற நிரலில் கீழே மூன்று முதல் மேலே மூன்று வரை ஒரு எண் எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு கிழமையும் கதைப்போம். அந்தத் தாள்களை டொக்டரிடம் காட்டினேன், அவர் அதைப் பார்த்தே குளிசை அளவை மாற்றினார்.

வேதத்தையும் அவர் விடவில்லை. 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எனக்கு மெதுவாக வாசித்தார். எலியா சூரைச்செடியின் கீழ் இருந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறான். எலியா திரும்பவும் படுத்துவிடுகிறான். தூதன் இரண்டாம் தரமும் வந்து சாப்பிடச் சொல்கிறான். "பார், இரண்டு தரம்" என்று அந்த வரியில் விரலை வைத்துக் காட்டினார். அன்றைக்குத்தான் அழுதேன். பிறகு 88ஆம் சங்கீதம். கடைசி வரியில்கூட ஆறுதல் இல்லாத ஜெபம் அது. உங்கள் தம்பி கேட்கிற கேள்விக்கு அவர் என்னிடம் பதில் சொல்லவில்லை. யோபுவும் எரேமியாவும் கேட்டதுதான், நீயும் கேள் என்றார்.

ஆகவே அந்தச் சகோதரரிடம் போகமுதல் ஒரு தடவை நீங்கள் தனியாகக் கதையுங்கள். எங்கே படித்தார், தனக்கு மேலே யாரிடம் ஆலோசனை கேட்பார், தம்பியின் சம்மதத்தோடு டொக்டருடன் கதைப்பாரா என்று கேளுங்கள். தம்பி சாக வேண்டும் என்று சொன்னால் என்ன செய்வார் என்பதையும் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "ஒருவருக்கும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணுகிறவர் வேண்டாம். பிசாசு, கட்டு, குளிசையை விடு என்று தொடங்கினால் எழும்பி வந்துவிடுங்கள்.

நீர்கொழும்பு_சகோதரி:

மன்னிக்கவும், ஒரு வார்த்தை. குழந்தை பிறந்த பிறகு எனக்கு மனச்சோர்வு வந்தது. எட்டு மாதம் குளிசை எடுத்தேன், இப்போது ஆறு வருடமாக ஒன்றும் இல்லை. என்னைத் தூக்கி நிறுத்தியது ஜெபம். இங்கே வாசிக்கிறவர்கள் குளிசை மட்டும் போதும் என்று எடுத்துக்கொண்டால் மனம் நோகும்.

வெள்ளவத்தை06:

சகோதரி, உங்கள் சாட்சியை நம்புகிறேன். நானும் காலையில் ஜெபிக்காமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை. ஆனால் உங்களுக்கு டொக்டர் படிப்படியாகக் குறைத்துத்தானே நிறுத்தியிருப்பார்? மனச்சோர்வு ஒரு தரம் வந்து போகவும் கூடும். இருதுருவம் திரும்பத் திரும்ப வருகிற வருத்தம், லித்தியத்தைச் சடாரென்று நிறுத்தினால் ஏற்றம் பாய்ந்து வரலாம். உங்களுக்கு நடந்ததை வைத்து அந்தப் பிள்ளைக்கு அளக்க முடியாது. இதை மட்டும் அன்போடு சொல்கிறேன்.

கொட்டாஞ்சேனை13:

எல்லோருக்கும் நன்றி. கிளினிக்கில் கேட்டோம். வழக்கமான அளவிலேயே திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். ஒரு கிழமை ஒழுங்காகப் போட்ட பிறகு இரத்தம் எடுக்க வேண்டும், இரவு எட்டு மணிக்குக் குளிசை போட்டால் காலை எட்டு மணிக்கு, பன்னிரண்டு மணித்தியாலம் கழித்து.

அந்தச் சகோதரரிடமும் போனேன். நான் கேள்வியைத் தொடங்க முதலே, "குளிசை டொக்டருடைய விஷயம், தம்பி வரும்போது கிளினிக் கொப்பியையும் கொண்டு வரட்டும்" என்றார். அங்கேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. சனிக்கிழமை பின்னேரம் வரச் சொல்லியிருக்கிறார், தம்பியும் சரி என்றான்.

அன்ரி நேற்று மறுபடியும் வீட்டுக்கு வந்தார். அம்மா தேநீர் கொடுத்துவிட்டு, "உபவாசத்தை நான் இருக்கிறேன், பிள்ளை சாப்பிடட்டும்" என்று சொல்லிவிட்டார். தம்பி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

அண்ணா, அந்த நான்கு கோட்டுத் தாள் பழையது ஏதும் கிடந்தால் ஒரு படம் எடுத்துப் போடுவீர்களா?