இங்கிலாந்து கிராமப்புறம்: கார் தொல்லை இல்லாத 4 நாள் சைக்கிள் பயணத்துக்கு எந்த வழி?

மண்பாதை:
செப்டம்பர் கடைசி வாரம், இரண்டு பேர், 4 நாள். லண்டனிலிருந்து ரயிலில் போய் ரயிலிலேயே திரும்ப வேண்டும். நாளுக்கு 40–50 கி.மீ. ஓட்டுவோம். இருவரிடமும் ஹைப்ரிட் சைக்கிள், 35 மி.மீ. டயர், பின்கேரியரில் இரண்டு பைகள். கூடாரம் கிடையாது, இரவுக்கு விடுதி. தேசிய சைக்கிள் வலையமைப்பின் வரைபடத்தைத் திறந்தால் நாடு முழுக்கக் கோடுகள். எது கார் நுழையாத தடம், எது சாலையிலேயே போவது என்று பிரித்தறிய முடியவில்லை. கூட வருபவருக்குக் கார்களுக்கு நடுவே ஓட்டப் பயம். எந்தப் பகுதி, எந்தத் திசை, வண்டியில் என்ன மாற்ற வேண்டும்?

கால்வாய்க்கரை:
பிரிஸ்டலில் தொடங்கி ரெடிங்கில் முடியுங்கள். ஏறக்குறைய முழுவதும் தேசிய வலையமைப்பின் 4ஆம் எண் தடம். மேற்கிலிருந்து கிழக்காகப் போவது முக்கியம். அந்தப் பக்கம் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று, முதுகில் வாங்கிக்கொள்ளலாம். இரண்டு முனையிலிருந்தும் லண்டன் பாடிங்டனுக்கு நேர் ரயில் உண்டு. நடுவில் பாத், பிராட்ஃபர்ட்-ஆன்-ஆவன், பியூசி, பெட்வின், ஹங்கர்ஃபோர்ட், நியூபரி என்று நிலையங்கள் இருப்பதால், மழை கொட்டினாலோ கால் ஓய்ந்தாலோ அங்கிருந்தே ரயில் பிடிக்கலாம். முதல் பயணத்துக்குக் காட்சி அழகைவிட இந்த வசதி பெரிது.

முதல் நாள் பிரிஸ்டல்–பாத் ரயில் தடம், 21 கி.மீ., முழுவதும் தார். பழைய மிட்லண்ட் ரயில்வேயின் பாதையை 1979க்கும் 1986க்கும் இடையே சைக்கிள் தடமாக மாற்றினார்கள். பிறகு வந்த தேசிய வலையமைப்புக்கே விதை இதுதான். நீராவி எஞ்சின் இழுக்கும்படி போட்ட பாதை என்பதால் செங்குத்தான ஏற்றமே கிடையாது: ஸ்டேபிள் ஹில் சுரங்கம் வரை மெல்ல ஏறும், பிறகு ஆவன் ஆற்றை நோக்கி இறங்கும். வேலைக்குப் போகிறவர்கள் காலை 8–9 மணிக்கு வேகமாக வருவார்கள். 10 மணிக்கு மேல் கிளம்பினால் நிம்மதி.

இரண்டாம் நாள் பாத்திலிருந்து நேரே கெனட்–ஆவன் கால்வாயைப் பிடிக்காதீர்கள். 2013இல் திறந்த இரட்டைச் சுரங்கத் தடம் வழியே, 244ஆம் எண்ணில், மிட்ஃபர்டுக்குப் போங்கள். முதல் சுரங்கம் 409 மீட்டர், அடுத்த கூம் டவுன் சுரங்கம் 1,672 மீட்டர். உள்ளே விளக்கு உண்டு, ஆனால் மங்கல். முன்விளக்கும் மேற்சட்டையும் வேண்டும், வெயில் நாளிலும் உள்ளே குளிரும். மிட்ஃபர்டிலிருந்து 24ஆம் எண்ணைப் பிடித்து மாங்க்டன் கூம் ஊர்ச்சாலை வழியாக டண்டாஸில் கால்வாய்க்கரையில் இறங்கலாம். அங்கிருந்து டிவைசெஸ் வரை இறுகிய சரளை. ஆவன்கிளிஃப்பில் தடம், கால்வாயைத் தாங்கும் நீர்ப்பாலத்துக்கு அடியில் புகுந்து மறுகரைக்கு மாறும். நேரே போய்விட்டுத் திரும்புவோர் அதிகம், பலகையைக் கவனியுங்கள். கடைசியில் கேன் ஹில்: படகுகளை ஏற்றி இறக்கும் 16 மதகுகள் வரிசையாக ஏறும் குன்று. நாள் முழுக்கச் சமதளத்தில் வந்த கால்களுக்கு அந்த ஒரு ஏற்றம் உறைக்கும். மொத்தம் சுமார் 40 கி.மீ.

டிவைசெஸுக்கு அப்பால் கால்வாய்க்கரையிலேயே போகலாம் என்று நினைத்துத்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். கரை ஒடுங்கி, புல் மண்டி, மழைக்குப் பின் சேறாகிவிடும். பை மாட்டிய வண்டியை அதில் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். 4ஆம் எண்ணும் அங்கே கால்வாயை விட்டுவிட்டு, பியூசி பள்ளத்தாக்கின் ஊர்ச்சாலைகளில் ஹங்கர்ஃபோர்ட் பக்கம் போகிறது. மூன்றாம் நாள் அப்படியே போங்கள். நான்காம் நாள் நியூபரி வரை சாலை, பிறகு மறுபடி கால்வாய். இந்தக் கடைசித் துண்டு சில இடங்களில் கரடுமுரடு. களைப்பாக இருந்தால் நியூபரியிலேயே ரயில் ஏறுங்கள்.

கால்வாய்க்கரையில் நடப்பவருக்கே முன்னுரிமை. பாலத்தடியில் வளைவு தெரியாது, அகலமும் குறைவு. மணி அடித்து, நடை வேகத்தில் நுழையுங்கள்.

மஞ்சள்சாலை:
மேலே சொன்ன வழி நல்ல வழி. ஆனால் கார் இல்லாத தடத்தையே பிடித்துத் தொங்க வேண்டாம் என்பேன். பெயர் பெற்ற தடங்களில் சனி, ஞாயிறு மதியம் நாய், குழந்தை, வாடகை சைக்கிள் என்று மணிக்கு 10 கி.மீ. தாண்ட முடியாது. அதே நேரத்தில் இரண்டு கி.மீ. தள்ளி ஓர் ஊர்ச்சாலை வெறிச்சோடிக் கிடக்கும். அந்தச் சாலைகளைக் கண்டுபிடிக்கக் கற்றால் இங்கிலாந்து முழுக்க உங்களுக்குத் திறந்துவிடும்.

பிரிட்டனின் அரசு நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் 1:50,000 வரைபடத்தை எடுங்கள், செல்போனிலும் கிடைக்கிறது. சிவப்புச் சாலையை விடுங்கள். பழுப்புச் சாலையைக் குறுக்கே கடக்க மட்டும் பயன்படுத்துங்கள். மஞ்சள்தான் உங்களுடையது. மஞ்சளிலும், இரண்டு பெரிய ஊர்களை நேர்கோட்டில் இணைப்பது குறுக்குவழியாக மாறியிருக்கும், காலை மாலை அதில் கார்கள் பறக்கும். பண்ணைகளையும் சிற்றூர்களையும் தொட்டு வளைந்து போகும் மெல்லிய மஞ்சளைத் தேடுங்கள். சைக்கிள் வழி புள்ளிகளாகக் குறித்திருக்கும்: நிரம்பிய புள்ளி சாலையில், உள்ளீடற்ற வட்டம் கார் இல்லாத தடத்தில். உங்கள் குழப்பத்துக்கு நேரடி விடை இதுதான்.

பொதுப்பாதைகளில் நடைபாதை என்று குறித்ததில் சைக்கிளுக்கு உரிமை கிடையாது. குதிரைப்பாதைகளில் 1968இன் சட்டப்படி ஓட்டலாம், நடப்பவருக்கும் குதிரைக்கும் வழிவிட்டு. உரிமை உண்டே தவிர, தரம் உறுதியில்லை. களிமண் பகுதியில் செப்டம்பர் மழைக்குப் பின் அது உழுத வயல்போல இருக்கும்.

பழைய அச்சுப் படங்களை நம்ப வேண்டாம். போக்குவரத்து கூடிப்போன சாலைத் துண்டுகளை, கிட்டத்தட்ட கால் பங்கு, 2020இல் தேசிய வலையமைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள் அல்லது வேறு வகைக்கு மாற்றிவிட்டார்கள். பழைய படத்தில் எண் இருக்கும், வழியில் பலகை இருக்காது.

இன்னொன்று: வெள்ளை வட்டத்தில் கருப்புக் கோடு போட்ட பலகை ஒரே ஒரு வண்டி போகும் அகல ஊர்ச்சாலையிலும் இருக்கும். சட்டப்படி அங்கே மணிக்கு 60 மைல் வரை போகலாம். இருபுறமும் ஆள் உயரப் புதர்வேலி. வளைவில் ஓரத்தை ஒட்டினால் எதிரே வருபவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். ஓரம் விட்டு நடுவை நோக்கி வாருங்கள், கார் வந்தால் ஒதுங்கு இடத்தில் நின்று விடுங்கள். இதைக் கூட வருபவருக்கு முதல் நாளே சொல்லிப் பழக்கினால் பயம் பாதி குறையும்.

முள்வேலி:
வண்டியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

விளைநிலத்துப் புதர்வேலிகளை மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை வெட்டத் தடை. பறவைகள் கூடு கட்டும் காலம். ஆக, செப்டம்பர் பிறந்ததும் டிராக்டரில் வேலி வெட்டத் தொடங்குவார்கள். ஹாதார்ன், பிளாக்தார்ன் முட்கள் சாலை முழுக்கச் சிதறும். நீங்கள் போகும் வாரம் சரியாக அந்தப் பருவம். உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயர் போடுங்கள், ஷ்வால்பே மராத்தான் மாதிரி. ஆளுக்கு 2 டியூப், ஒட்டுத்துண்டுகள், ஒரு சிறு இடுக்கி. பிளாக்தார்ன் நுனி டயருக்குள்ளேயே ஒடிந்து நிற்கும். அதை எடுக்காமல் புது டியூப் போட்டால் 5 நிமிடத்தில் மறுபடி இறங்கும். டயரின் உட்புறம் முழுக்க விரலால் மெல்லத் தடவிப் பார்த்த பிறகே டியூபை வையுங்கள்.

35 மி.மீ. டயரில், 75–80 கிலோ ஆளும் பையும் என்றால் காற்றழுத்தம் பின்னால் 55–60 பி.எஸ்.ஐ., முன்னால் 45–50. சரளையில் 5 குறையுங்கள், ஈரத்தில் பிடி கிடைக்கும். மட்கார்டு கட்டாயம், 45 மி.மீ. அகலம். டயருக்கும் அதற்கும் இடைவெளி குறைவாக இருந்தால் சேறு அடைத்துச் சக்கரம் சுற்றாது.

சரளைத் தூள் மழைநீரோடு சேர்ந்தால் அரைக்கும் பசைபோல. சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் என்றால் மாற்றுக் கட்டை ஒரு ஜோடி கொண்டுபோங்கள். தினமும் இரவு செயினைத் துணியால் துடைத்து ஒரு கண்ணிக்கு ஒரு துளி எண்ணெய், மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள்.

தடங்களின் நுழைவில் மோட்டார் பைக்கைத் தடுக்க இரும்புச் சட்டம் வைத்திருப்பார்கள், மேலே ஒடுங்கி ஏ வடிவில். அகலமான ஹேண்டில்பார் மாட்டும். முன்சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலைச் சாய்த்து நுழைக்க வேண்டும். பின்பைகள் சட்டென்று கழற்றும் கொக்கியில் இருந்தால் பிழைத்தீர்கள்.

மண்பாதை:
மிக்க நன்றி. நடு இங்கிலாந்தின் குன்றுப் பகுதியான பீக் டிஸ்ட்ரிக்ட் பற்றியும் கேள்விப்பட்டோம். 4 நாளில் அதுவும் சாத்தியமா? ரயிலில் சைக்கிள் ஏற்றுவது எப்படி?

கால்வாய்க்கரை:
இரண்டில் ஒன்று. அதைத் தேர்ந்தால் டார்பியில் இறங்கி 68ஆம் எண்ணில் ஆஷ்போர்ன். அங்கிருந்து டிசிங்டன் தடம் 21 கி.மீ., பார்ஸ்லி ஹே வரை சீரான ஏற்றம். தொடக்கத்திலேயே பழைய ரயில் பாலத்தை இடித்துவிட்ட இடத்தில் மட்டும் ஓடைக்குச் சரேலென்று இறங்கி ஏற வேண்டும். பார்ஸ்லி ஹேயில் ஹை பீக் தடம் சேரும், அதில் கிராம்ஃபர்ட் நோக்கி இறங்கினால் ரயில் நிலையம். ஆனால் வழியில் மிடில்டன் சரிவு, ஏறக்குறைய 8 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம். அந்தக் காலத்தில் பெட்டிகளை எஞ்சின் இழுக்க முடியாமல், மேலே நிலையான நீராவிப் பொறி வைத்துக் கயிற்றால் இழுத்த இடம். சுமையோடு இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் தள்ளிக்கொண்டு போங்கள். அதே பகுதியின் இன்னொரு பழைய ரயில் தடமான மான்சல் தடம் இவற்றோடு நேரடியாக இணையவில்லை. நடுவே செங்குத்தான சாலைகள் உண்டு, முதல் பயணத்தில் சேர்க்க வேண்டாம்.

பாடிங்டன்–பிரிஸ்டல் விரைவு ரயிலில் சைக்கிளுக்கு இடம் முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது, ஆனால் இடங்கள் சில மட்டுமே. இரண்டு சைக்கிளுக்கும் ஒரே ரயிலில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயணச்சீட்டு வாங்குங்கள். வண்டியைச் செங்குத்தாகக் கொக்கியில் தொங்கவிட வேண்டும். மேடையிலேயே பைகளைக் கழற்றிவிடுங்கள், ரயில் வந்த பின் நேரம் இருக்காது.

மண்பாதை:
பிரிஸ்டல்–ரெடிங் என்று முடிவு செய்துவிட்டோம். செவ்வாய்க்கிழமை கிளம்புகிறோம், வார இறுதிக் கூட்டம் தப்பும்.

முள்வேலி:
அந்த வாரம் மாலை 7 மணிக்கே பொழுது சாய்ந்துவிடும். பின்விளக்கை ஏற்றிய பிறகே பைகளை மாட்டிப் பாருங்கள், பல கேரியர்களில் பை விளக்கை மறைத்துவிடும்.